ஃபாதரிங்கே: ஒரு வருஷ பேண்டுக்கு ஒரு ஆல்பம் போதுமா, பெட்டியே வேண்டுமா?

முழுதாக ஒரு வருஷம்கூடத் தாங்காத பிரிட்டிஷ் ஃபோக்-ராக் பேண்ட் ஃபாதரிங்கே. உயிரோடு இருந்தபோது போட்டது ஒரே ஒரு ஆல்பம். அது வந்து 45 வருஷம் கழித்து மூன்று சிடி, ஒரு டிவிடி என்று ஒரு பெட்டி வந்தது. போன மாதம் நண்பன் ஒருவன் கேட்டான்: "டேய், ஃபாதரிங்கே கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன், பழைய ஆல்பத்தை மட்டும் வாங்கவா, இல்ல பெட்டியாவே வாங்கிடவா?" பெட்டியையே வாங்கிடு என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் பெட்டியை வாங்கிய முதல் வாரத்திலேயே இரண்டாம் வட்டின் நடுவில் அலுத்துப்போய் மூடிவைத்தவன் நான், மறுபடி கையில் எடுக்க நாலைந்து மாதம் ஆனது. பெட்டி மோசமில்லை. நான் உள்ளே போன வழிதான் தப்பு. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

யார் இவர்கள் என்று தெரியாதவர்களுக்காக ரெண்டு வார்த்தை. நடுநாயகம் சாண்டி டென்னி. பெயர் புதிதாக இருந்தாலும் குரலைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு: லெட் ஸெப்பலின் 1971இல் போட்ட நான்காவது ஆல்பத்தில் 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' என்ற பாட்டில் ராபர்ட் பிளான்ட்டுக்கு எதிர்க்குரலாக வரும் பெண்குரல் அவருடையதுதான். அதற்கு முன் ஃபேர்போர்ட் கன்வென்ஷனில் பாடிக்கொண்டிருந்தார். 1969 என்ற ஒரே வருஷத்தில் அந்த பேண்ட் மூன்று ஆல்பம் போட்டது, மூன்றிலும் இவர் குரல். அந்த வருஷக் கடைசியில் வெளியே வந்தார். ஃபேர்போர்ட் பழைய நாட்டுப்பாடல்கள் பக்கம் சாய்ந்துகொண்டே போனது, இவருக்குச் சொந்தப் பாட்டு எழுதிப் பாட இடம் வேண்டியிருந்தது, அதோடு காதலர் டிரெவர் லூகாஸைப் பிரிந்து ஊர் ஊராகச் சுற்றவும் மனமில்லை. 1970 தொடக்கத்தில் லூகாஸையும் சேர்த்து ஐந்து பேராக ஃபாதரிங்கே உருவானது. லூகாஸ் ஆஸ்திரேலியர், அகூஸ்டிக் கிட்டாரும் கட்டைக்குரலும். அவரோடு எக்லெக்ஷன் பேண்டில் இருந்த ஜெர்ரி கான்வே டிரம்ஸ். லீட் கிட்டார் அமெரிக்கரான ஜெர்ரி டானஹ்யூ, பேஸ் பேட் டொனால்ட்ஸன்.

பெயரே சாண்டியின் பழைய பாட்டு ஒன்றின் பெயர்தான். ஸ்காட்லாந்து ராணி மேரி சிறைவைக்கப்பட்டு 1587இல் தலை வெட்டப்பட்ட கோட்டையைப் பற்றியது, ஃபேர்போர்ட் ஆல்பம் ஒன்றில் முதல் பாட்டாக வந்தது. அதனால் வேடிக்கை என்னவென்றால், 'ஃபாதரிங்கே' என்ற பாட்டைத் தேடி ஃபாதரிங்கே பேண்டின் ஆல்பத்தை வாங்கினால் அந்தப் பாட்டு அதில் இருக்காது. இப்படி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

1971 ஜனவரியில், இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோதே, பேண்ட் கலைந்தது. நம் கேள்வி முழுவதும் அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. பத்து ஆல்பம் போட்ட பேண்டுக்குத் தொகுப்பு என்றால் எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் வேலை. இவர்களுக்கு விடுவதற்கு ஒன்றுமே இல்லை. முடிந்தது ஒன்று, பாதியில் நின்றது ஒன்று, மேடையில் யாரோ பிடித்துவைத்த நாடாக்கள் கொஞ்சம். ஆகவே எவ்வளவு பாட்டு கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை. முடியாமல் நின்றதையும் கேட்க உங்களுக்கு ஆசை இருக்கிறதா, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் 1970 ஜூனில் வந்த ஆல்பம், பேண்டின் பெயரிலேயே. வெளியிட்டது ஐலண்ட், அப்போது அது கிரிஸ் பிளாக்வெல் கையில் இருந்த தனிக் கம்பெனி. தயாரிப்பு ஜோ பாய்ட், ஒலிப்பதிவு ஜான் வுட், ஸ்டூடியோ லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ். நிக் டிரேக்கின் முதல் ஆல்பத்தைக் கேட்டு மயங்கியவர்கள் இதைக் கவனிக்கலாம்: அதே தயாரிப்பாளர், அதே ஒலிப்பதிவாளர், அதே கூடம். மரத்தின் ஓசை கேட்கிற மாதிரியான கிட்டார் சத்தம், குரலைச் சுற்றிக் கொஞ்சம் காலி இடம், எதையும் முன்னால் தள்ளாத டிரம்ஸ் எல்லாம் இங்கேயும் உண்டு. ஒன்பது பாட்டு, சுமார் 40 நிமிஷம். பிரிட்டிஷ் பட்டியலில் 18ஆம் இடம் வரை போனது, இந்த மாதிரி இசைக்கு அது ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஒன்பதில் நான்கு சாண்டி தனியாக எழுதியவை. 'நத்திங் மோர்' பியானோவோடு ஆரம்பிக்கும், யாரோ ஒரு அழுத்தக்காரரிடம் பேசிப் பேசிப் பார்த்து ஒன்றும் நகராததைச் சொல்லும் பாட்டு. 'தி ஸீ' கடலே பேசுகிற மாதிரி, லண்டனுக்குள் தண்ணீர் வரும் என்று மிரட்டுகிற பாட்டு, ஆனால் அந்த மிரட்டலில் ஒரு குறும்புச் சிரிப்பு. 'விண்டர் விண்ட்ஸ்' ரெண்டே நிமிஷம். 'தி பாண்ட் அண்ட் தி ஸ்ட்ரீம்' ஆன் பிரிக்ஸ் என்ற நாட்டுப்பாடகியை நினைத்து எழுதியது, நகரத்தில் மாட்டிக்கொண்டவள் ஊர்சுற்றியைப் பார்த்து ஏங்குவது. மீதியில் ஆஸ்திரேலியக் கொள்ளைக்காரன் நெட் கெல்லியைப் பற்றி லூகாஸ் எழுதிய பாட்டு, இருவரும் சேர்ந்து எழுதிய 'பீஸ் இன் தி எண்ட்', கார்டன் லைட்ஃபுட் பாட்டு ஒன்று, பாப் டிலன் பாட்டு ஒன்று.

கடைசியாக 'பேங்க்ஸ் ஆஃப் தி நைல்'. இந்த ஆல்பத்தை வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் வேறு எதுவும் சொல்வதில்லை, இந்த எட்டு நிமிஷத்தைப் போட்டுக் காட்டுவேன். பழைய நாட்டுப்பாடல், காதலன் எகிப்துக்குப் போருக்குப் போகிறான், அவள் தலைமுடியை வெட்டிக்கொண்டு ஆண் உடை போட்டு நானும் வருகிறேன் என்கிறாள், அவன் வேண்டாம் என்கிறான். கதை அவ்வளவுதான். ஆனால் கான்வேயைக் கவனியுங்கள்: தாளம் போடுகிறார் என்றே சொல்ல முடியாது, சிம்பல் மேல் அலை மாதிரி ஒன்று எழும்பி அடங்குகிறது, அடியில் டிரம் தூரத்துப் பீரங்கி மாதிரி எப்போதாவது ஒருமுறை. டானஹ்யூ கம்பியை வளைத்து ஸ்வரத்தை நழுவவிடுவதில் மன்னர், பின்னாளில் அதற்காகவே கிட்டார்காரர்கள் அவரைக் கொண்டாடினார்கள், இங்கே அந்த வித்தையை எல்லாம் மூட்டை கட்டிவைத்துவிட்டு ரெண்டு ரெண்டு ஸ்வரமாக வைக்கிறார். சாண்டி சத்தத்தைக் கூட்டுவதே இல்லை. ஒரு வரியின் முடிவில் குரல் கொஞ்சம் அசைந்து, அடுத்த வரிக்கு முன் மூச்சு வாங்கும் அந்த இடைவெளியில், அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடும். நான் கேட்ட ஆங்கில நாட்டுப்பாடல் பதிவுகளில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிக்க வேண்டியிருக்கும்.

குறை? எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: சாண்டி மாதிரி ஒரு குரலை வைத்துக்கொண்டு லூகாஸை ஏன் இத்தனை பாட்டுப் பாட விட்டார்கள். டிலன் பாட்டு நைல் பாட்டுக்கு நேர் முன்னால் வருவதும் அதற்கு உதவவில்லை. ஜோ பாய்டுக்கே இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை, சாண்டி தனியாகப் பாடவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. நானும் ஒரு காலத்தில் லூகாஸ் பாட்டு வந்தால் தாண்டிவிடுவேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. சாண்டிக்கு வேண்டியது பின்னால் நின்று வாசிக்கும் ஆட்கள் இல்லை, பாரத்தில் பாதியைத் தூக்க ஆள். நெட் கெல்லி பாட்டில் அவர் பின்னணியில் சேர்ந்து பாடும் இடத்தில் ஒரு நிம்மதி கேட்கிறது. லூகாஸைத் தாண்டிக் கேட்டால் அது சாண்டி டென்னி ஆல்பமாக இருக்கும், ஃபாதரிங்கே ஆல்பமாக இருக்காது.

இதன் சிடி பதிப்புகள் சிலவற்றில் நேரடி மேடைப் பாடல்கள் கொசுறாக வரும். இங்கே ஒரு எச்சரிக்கை: நைல் பாட்டு முடிந்ததும் கொசுறு ஓடத் தொடங்கினால் எட்டு நிமிஷம் கட்டியெழுப்பிய அமைதி ரெண்டு நொடியில் போய்விடும். ஒன்பதாவது பாட்டோடு நிறுத்திவிடுங்கள், கொசுறை இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது தேர்வு 'ஃபாதரிங்கே 2'. இங்கேதான் பிரச்சினை சுவாரசியமாகிறது. 1970 கடைசியில் பாதியில் நின்ற நாடாக்களை வைத்துக்கொண்டு டானஹ்யூ, உயிரோடு இருந்த மற்ற இருவரான கான்வே, டொனால்ட்ஸனோடு சேர்ந்து முடித்து, 2008இல் ஃப்ளெட்ஜ்லிங் என்ற சிறு கம்பெனி வழியாக வெளியிட்டார். சாண்டி 1978 ஏப்ரலில் 31 வயதில் இறந்துவிட்டார், லூகாஸ் 1989இல். அதாவது பாடிய இருவரும் இல்லாமல், வாசித்த மூவர், 38 வருஷம் கழித்து, தங்கள் இளமைக்குத் தாங்களே துணைவாசிப்பு சேர்த்திருக்கிறார்கள்.

இதை ஆல்பம் என்று எண்ணலாமா? நான் ரொம்ப நாள் கூடாது என்ற கட்சியில் இருந்தேன். ஒரு பேண்ட் எந்தப் பாட்டை வைப்பது, எதைத் தூக்குவது, எந்த வரிசை என்று சண்டை போட்டு முடிவு செய்வதில்தான் ஆல்பம் பிறக்கிறது, இங்கே அந்தச் சண்டை நடக்கவே இல்லை, சண்டை போடவேண்டிய ரெண்டு பேர் இல்லை. சாண்டி அந்தக் குரல் பதிவை முடிவானதாக நினைத்தாரா, நாளைக்குச் சரியாகப் பாடிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாரா? நமக்கு அனுமதி கொடுக்க ஆள் கிடையாது. இன்னொரு பக்கம், வேறு யாரோ ஒரு தயாரிப்பாளர் உட்கார்ந்து ஒட்டுப்போடவில்லை, அன்று அந்த அறையில் இருந்த கைகள்தான் இன்றும் வாசித்தன. எது பழைய நாடா, எது புதிய சேர்ப்பு என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், பெரும்பாலான இடத்தில் பிடிபடவில்லை. அவ்வளவு அடக்கமாகச் செய்திருக்கிறார்கள்.

பதினோரு பாட்டு. ஆரம்பப் பாட்டான 'ஜான் தி கன்', அப்புறம் 'லேட் நவம்பர்', ரெண்டும் சாண்டியின் சொந்தம். ரெண்டையும் 1971இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தில் கேட்டவர்களுக்கு, இங்கே அவை ஐந்து பேர் ஒன்றாக மூச்சுவிடுகிற மாதிரி வருவது ஆச்சரியமாக இருக்கும். 'எப்பி மோரே' என்னும் ஸ்காட்லாந்துக் கதைப்பாடல், கடத்திக்கொண்டு போய்க் கட்டாயக் கல்யாணம் செய்யப் பார்ப்பவனை ஒரு பெண் இரவெல்லாம் போராடி விரட்டுவது, சாண்டியும் லூகாஸும் மாறி மாறிப் பாடுகிறார்கள், முதல் ஆல்பத்தில் இல்லாத ஒரு வேகம் இதில் இருக்கிறது. இந்த பேண்ட் இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருந்தால் எங்கே போயிருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதுதான் ஒரே தடயம். 'டூ வீக்ஸ் லாஸ்ட் சம்மர்' டேவ் கஸின்ஸ் எழுதியது, அவருடைய ஸ்ட்ராப்ஸ் பேண்டில் சாண்டி 1967இல் பாடியிருக்கிறார், ஃபேர்போர்ட்டுக்கும் முந்தைய கதை அது. லூகாஸின் லாரிக்காரர் பாட்டு 'நைட்ஸ் ஆஃப் தி ரோட்' எனக்கு ஒட்டவில்லை, அதை அவரே பிறகு ஃபேர்போர்ட்டோடு பாடி 1973இல் வெளியிட்டார், அங்கேயும் ஒட்டவில்லை. 'சில்வர் த்ரெட்ஸ் அண்ட் கோல்டன் நீடில்ஸ்' இங்கே எளிமையாக இருக்கிறது; 1977இல் சாண்டியின் கடைசித் தனி ஆல்பத்தில் வந்த வடிவத்தைவிட இதுவே மேல் என்பது என் கட்சி.

தனியாக இதை வாங்கலாமா என்றால், முதல் ஆல்பம் கையில் இருந்து, பெட்டி வாங்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கு மட்டும். இதையே முதலில் வாங்குவது நாவலின் கடைசி ரெண்டு அத்தியாயத்தை, அதுவும் வேறொருவர் குறிப்பு வைத்து முடித்ததை, முதலில் படிப்பது மாதிரி.

சரி, பெட்டி. 'நத்திங் மோர்: தி கலெக்டட் ஃபாதரிங்கே', 2015. முதல் வட்டில் 1970 ஆல்பமும் அந்தக் காலத்து மாற்று வடிவங்களும். இரண்டாவதில் முடியாத ஆல்பத்தின் பாடல்கள். மூன்றாவதில் ராட்டர்டாம் மேடைப் பதிவும் பிபிசி வானொலிக்காகப் பாடியவையும். டிவிடியில் ஜெர்மன் தொலைக்காட்சியின் பீட் கிளப் நிகழ்ச்சிக்காகப் படம்பிடித்த நான்கு பாட்டு.

பெட்டிகள் என்றாலே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதற்குக் காரணம் பஃபலோ ஸ்ப்ரிங்ஃபீல்ட். நீல் யங்கும் ஸ்டீபன் ஸ்டில்ஸும் இருந்த பேண்ட், அதுவும் ரெண்டே வருஷம்தான், 1966 முதல் 1968 வரை, மூன்று ஆல்பம். 2001இல் அவர்களுக்கு நான்கு வட்டுப் பெட்டி ஒன்று வந்தது, அதில் நான்காவது வட்டு முழுக்க முதல் ரெண்டு ஆல்பத்தின் பாட்டுகளையே மறுபடி போட்டார்கள், மூன்றாவது ஆல்பத்தை மட்டும் முழுசாகக் கொடுக்கவில்லை. நான்கு வட்டில் மூன்று ஆல்பத்தை அடக்க முடியாமல் போவதற்கும் ஒரு திறமை வேண்டும். 2018இல் ஐந்து வட்டாக வந்த இன்னொரு பெட்டியில்தான் மூன்றும் ஒழுங்காகக் கிடைத்தன. ஆக, எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது புதிதாக என்ன கொடுத்தார்கள் என்பதை அல்ல, ஏற்கனவே இருந்ததை முழுசாகக் கொடுத்திருக்கிறார்களா என்பதைத்தான். அந்த விதத்தில் ஃபாதரிங்கே பெட்டி நாணயமானது. வெளிவந்த ஒன்றும் உள்ளே, வெளிவராமல் நின்றதும் உள்ளே.

ஆனால் அதை வரிசைப்படி கேட்டால் என் கதிதான் உங்களுக்கும். ஆல்பம் முடிந்த கையோடு அதே பாட்டுகளின் வேறு வடிவங்கள், அடுத்த வட்டில் முடியாத பாட்டுகள், மறுபடி அவற்றின் வேறு வடிவங்கள். ஆராய்ச்சிக்காரருக்கு விருந்து. மற்றவர்களுக்கு ஒரு பாட்டை மூன்றாம் தடவை கேட்கும்போது பாட்டு போய்விடும், வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டு மட்டும் மிஞ்சும்.

பெட்டிக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வது மூன்றாம் வட்டுக்காக. மேடையில் இவர்கள் வேறு ஆட்கள். ஸ்டூடியோவில் பாய்டும் வுட்டும் சேர்ந்து ஒரு மெல்லிய வெளிச்சத்தில் வைத்திருந்த பேண்ட் இங்கே முரட்டுத்தனமாகக்கூட வாசிக்கிறது, டொனால்ட்ஸனின் பேஸ் தரையை அதிரவைக்கிறது, நைல் பாட்டே கொஞ்சம் வியர்வையோடு வருகிறது. பதிவின் தரம் ஸ்டூடியோ அளவுக்கு இருக்காது, அது பொருட்டில்லை. இந்த பேண்ட் சத்தத்துக்காக எவ்வளவு செலவழித்தது என்று தெரிந்தால் இன்னும் சுவை: பெரிய ஒலிபெருக்கி அமைப்பு ஒன்றை வாங்கி, அது மேடையில் நிற்கும் அழகைப் பார்த்து அதற்கு 'ஸ்டோன்ஹெஞ்ச்' என்று பெயரே வைத்திருந்தார்கள். நாட்டுப்பாடல் பாடும் ஐந்து பேருக்கு அவ்வளவு பெரிய கற்கோட்டை எதற்கு என்று அப்போதே பலர் கேட்டார்கள், பேண்டின் பணம் கரைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஐந்து பேரும் தங்களை என்னவாக நினைத்துக்கொண்டார்கள் என்பது அந்த ஒலிபெருக்கியில்தான் தெரிகிறது, முதல் ஆல்பத்தை மட்டும் கேட்டால் அது தெரியாது.

டிவிடியும் அதே கதை. நான்கு பாட்டுதான், ஆனால் சாண்டி பாடுவதைக் காட்டும் படங்கள் மிகக் குறைவு என்பதால் அந்தச் சில நிமிஷத்துக்கு மதிப்பு அதிகம். பியானோவில் உட்கார்ந்து 'நத்திங் மோர்' பாடும்போது கேமரா பக்கமே திரும்பமாட்டார். லூகாஸ் முறை வரும்போது சாண்டியின் முகத்தைப் பாருங்கள்.

மேடைப் பதிவு மட்டும் போதும் என்பவர்களுக்கு 'எஸன் 1970' என்று தனியாக ஒன்று உண்டு, 2011இல் வந்தது, அந்த அக்டோபரில் ஜெர்மனியில் நடந்த கச்சேரி. அதே மாதம் 2ஆம் தேதிதான் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இவர்கள் பேண்டின் பெரிய கச்சேரி நடந்தது, தங்களுக்கு முன்னால் பாட எல்டன் ஜானைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அப்போதுதான் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கலக்குக் கலக்கிவிட்டுத் திரும்பியிருந்தார். வந்தார், அரங்கத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார், பின்னால் வந்த ஃபாதரிங்கே எடுபடவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். அதற்குச் சில வாரம் கழித்துப் பாடியது என்ற நினைப்போடு எஸனைக் கேட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு சின்னத் தயக்கம் இருக்கிற மாதிரி எனக்குப் படும், அது என் கற்பனையாகவும் இருக்கலாம். பெட்டி உள்ளவர்களுக்கு இது அவசியமில்லை.

இதைத் தவிர 2010இல் சாண்டியின் மொத்த வாழ்க்கைக்கும் ஒரு பெட்டி வந்தது, 19 வட்டு. அதிலும் ஃபாதரிங்கே காலத்துப் பாட்டுகள் உண்டு, ஆனால் அங்கே இந்த பேண்ட் ஒரு நீண்ட சாலையில் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். ஃபாதரிங்கேயைத் தேடுபவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். சாண்டியின் குரல் மட்டும்தான் வேண்டும், பேண்ட் எதுவானாலும் கவலை இல்லை என்றால் அதற்கு 19 வட்டும் வேண்டாம், இந்த மூன்று வட்டும் வேண்டாம், 1971, 1972இல் வந்த அவருடைய முதல் ரெண்டு தனி ஆல்பங்கள் போதும்.

அப்படியானால் என் கணக்கு இது. இதுவரை இவர்களைக் கேட்டதே இல்லை என்றால் 1970 ஆல்பம், வேறு பேச்சே இல்லை. அதைக் கேட்டு ஒரு மாதம் ஆகியும் நைல் பாட்டு மண்டையில் ஓடிக்கொண்டிருந்தால் நேராகப் பெட்டிக்குப் போய்விடுங்கள், நடுவில் 'ஃபாதரிங்கே 2'வைத் தனியாக வாங்காதீர்கள், எப்படியும் அந்தப் பாட்டுகள் இரண்டாம் வட்டில் வரும், ஒரே சரக்குக்கு ரெண்டு தடவை பணம் கட்டவேண்டாம். ஏற்கனவே 2008 சிடி வைத்திருப்பவர்கள்தான் கொஞ்சம் யோசிக்கவேண்டும்: மூன்றாம் வட்டுக்கும் டிவிடிக்குமாக முழுப்பெட்டியின் விலை கொடுக்கலாமா? மேடை இசை பிடிக்குமென்றால் கொடுக்கலாம். ஸ்டூடியோ சுத்தம்தான் முக்கியம் என்றால் அந்த ரெண்டு தனி சிடியோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பெட்டியை வாங்கியவர்கள் கேட்கும் வரிசை, இது நான் தலைகீழாகப் போய்க் கற்றது: முதலில் டிவிடி, ஐந்து பேரின் முகமும் பழகட்டும். அப்புறம் மூன்றாம் வட்டின் மேடைப் பதிவு. அடுத்தது முதல் வட்டின் ஒன்பது பாட்டு மட்டும், மாற்று வடிவங்கள் வேண்டாம். ரெண்டு நாள் விட்டு இரண்டாம் வட்டு. அதற்குள் டிரம்ஸ் யார் கை, கிட்டார் யார் விரல் என்று காதுக்குத் தெரிந்திருக்கும். அப்போதுதான் 'எப்பி மோரே'யில் அந்த ரெண்டு குரலும் ஒன்றையொன்று துரத்தும்போது பேண்ட் கலையப்போகிற நேரத்தில் இவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறார்களே என்று வயிற்றெரிச்சல் வரும். மாற்று வடிவங்களை எப்போதாவது, வேறு வேலை செய்துகொண்டே கேட்டுக்கொள்ளலாம். பழைய பிரதியாக வாங்கினால் உள்ளே டிவிடி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கலைந்த பிறகு என்ன ஆனது என்று நண்பன் கேட்டான். லூகாஸும் டானஹ்யூவும் 1972இல் ஃபேர்போர்ட்டிலேயே போய்ச் சேர்ந்தார்கள். சாண்டியும் லூகாஸும் 1973இல் கல்யாணம் செய்துகொண்டார்கள், அடுத்த வருஷம் சாண்டியும் அதே ஃபேர்போர்ட்டுக்குத் திரும்பினார். கான்வே பல வருஷம் கழித்து, 1998இல் போய், இருபது வருஷத்துக்கு மேல் அங்கே டிரம்ஸ் வாசித்தார். சாண்டி ஓடிவந்த வீட்டுக்கே ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அவன் கடைசியில் பழைய ஆல்பத்தைத்தான் வாங்கினான். நேற்று ராத்திரி செய்தி அனுப்பினான்: "நைல் பாட்டு முடிஞ்சதும் வேற எதையும் போடத் தோணல, அணைச்சிட்டுப் படுத்துட்டேன்டா." பெட்டி இன்னும் ஒரு மாதம் பொறுக்கட்டும் என்று பதில் போட்டேன்.